பாதிப் பாட்டு ஆரம்பாக்கத்தில்

பிறந்த வீட்டில் ஒரு பைத்தியம், புகுந்த வீட்டில் ஒரு பைத்தியம் என்று எனக்கு வாய்த்தது. பிறந்த வீட்டுப் பைத்தியம் என் அண்ணன். புகுந்த வீட்டுப் பைத்தியம் என் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது ஒரே பைத்தியம், பாட்டைத் துல்லியமாகக் கேட்கவைக்கிற ஹை-ஃபை. கடையில் விற்கிற ஹை-ஃபை இல்லை. கடையில் வாங்குவது அவர்களுக்கு அவமானம். தாங்களே பலகை அறுத்து, தகரம் வளைத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்துச் செய்கிற ஹை-ஃபை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, பார்த்து முடித்த கையோடு, இருவரும் எங்கள் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தட்டில் வைத்த கேசரி ஆறிப்போயிற்று. அந்த ரேடியோ அதற்குப் பிறகு பாடவே இல்லை, ஆனால் சம்பந்தம் முடிந்துவிட்டது.

இது எழுபதுகளில் நடந்த கதை. என் வீட்டுக்காரருக்குக் காக்களூரில் வேலை, ரேடியோப் பெட்டி பூட்டுகிற ஒரு சின்னக் கம்பெனி. பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அண்ணன் ஆரம்பாக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, தினமும் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய், மீட்டர் செய்கிற ஒரு ஷெட்டில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு ரயிலில் பட்டணம் போய், அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு கையில் எனக்குக் கீரைக்கட்டு, இன்னொரு கையில் மாப்பிள்ளைக்குக் கம்பியும் தகரமும். கீரை ஒருநாள் மறந்துபோகும், தகரம் மறந்ததே கிடையாது.

அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஸ்டீரியோ ஒன்று செய்தார்கள். ஸ்டீரியோ என்றால் பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து வரும். ஒரு பக்கத்துக்குச் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர். இடது பக்கத்துப் பெட்டியை என் வீட்டுக்காரர் செய்தார், வலது பக்கத்துப் பெட்டியை அண்ணன் செய்தான். ஸ்பீக்கர்களை இரண்டு பெரிய மண்பானைகளின் வாயில் பொருத்தினார்கள். அதில்தான் கணீரென்று வருமாம். என் அரிசிப் பானையும் புளிப்பானையும் அப்படித்தான் சங்கீதத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பெட்டிகள் இரண்டும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான். உள்ளே இருந்த ஒரே வித்தியாசம் ரெசிஸ்டர். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கலர் கலராகக் கோடு போட்டிருக்கும் சாமான் அது. மின்சாரம் தலைதெறிக்க ஓடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அதில் இரண்டு சாதி. என் வீட்டுக்காரர் கம்பெனியில் புழங்கியது கார்பன். அண்ணன் ஷெட்டில் புழங்கியது மெட்டல் பிலிம். அவரவர் பெட்டியில் அவரவர் சாமான்.

"மாப்ள, உங்க கார்பன் வெயிலுக்கு ஒண்ணு சொல்லும், மழை பேஞ்சா ஒண்ணு சொல்லும். எங்க மெட்டல் பிலிம் சொன்ன சொல்லு மாறாது. எவ்ளோ க்ளீனா கீது பாருங்க" என்பான் அண்ணன்.

"க்ளீனாத்தான் கீது மச்சான், ஆஸ்பத்திரி மாரி. பாட்டுன்னா ருசி வாணாமா? கார்பன்ல வர்ற பாட்டு இனிக்குது" என்பார் இவர்.

இனிப்பும் எனக்குத் தெரியவில்லை, ஆஸ்பத்திரியும் தெரியவில்லை. பாட்டு இரண்டு பானையிலும் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எனக்கு ஒன்று கேட்டது. பெட்டியைப் போட்டுவிட்டு, ரெக்கார்டில் ஊசியை இறக்குவதற்கு முன்னால், இடது பானையிலிருந்து மட்டும் மெல்லிசாக ஒரு 'உஸ்ஸ்'. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கடைசியில் அடங்குமே, அந்தச் சத்தம். வலது பானை கிணற்றடி மாதிரி அமைதியாக இருந்தது. இதை ஒருநாள் சொன்னேன்.

"இந்தப் பானை மட்டும் உஸ்ஸுங்குதே?"

"அது ஊசி தேயுற சத்தம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஊசி அப்போது இறங்கவே இல்லை. அதைக் கவனிக்க அவர்கள் வாயை மூடவேண்டும், அது நடக்கிற காரியமா? பாட்டு ஓடும்போது மட்டும்தான் இருவரும் பேசாமல் இருப்பார்கள். உஸ்ஸென்பது பாட்டு இல்லாத நேரத்தில் மட்டும்தான் கேட்கும். எனக்கென்ன வந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

விட்டது வினையாக முடிந்தது. எனக்குப் பெண் பிறந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். சட்டியைக் காலி செய்துவிட்டு, கை ஈரம்கூடக் காயாமல், இரண்டு பேரும் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். வழக்கமான பேச்சுத்தான். எங்கே தடம் புரண்டதென்று தெரியவில்லை.

"கருவாடு தின்ற வாய்க்கு இனிப்பு எங்க தெரியப்போவுது!" என்றார் இவர்.

"நீங்க மட்டும் இன்னா பாலும் பழமுமா துன்னீங்க? உங்க கார்பன் குப்பைக்கு என் பெட்டி ஜோடியா நின்னுதே, அதான் தப்பு!"

"குப்பையா? எட்து போயேன் உன் பெட்டிய!"

எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் துண்டில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டான். "அண்ணா, டீத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்று வாசல்வரை ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்தால் இவர் ஒன்றும் நடக்காத மாதிரி ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரெக்கார்டைத் தோசையாகச் சுட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாதிப் பாட்டு. அந்தக் காலத்து ஸ்டீரியோ ரெக்கார்டுகளில் பாடுகிறவர் ஒரு பக்கமும் பக்கவாத்தியம் இன்னொரு பக்கமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்த பெட்டியில் பாட்டுக்காரி மட்டும்தான் வந்தாள். மிருதங்கக்காரன் ஆரம்பாக்கத்தில் இருந்தான். தாளத்தைத் தேடி அந்த அம்மாள் தனியாகப் பாடுவதைக் கேட்கும்போது நானே அடுப்படியில் கரண்டியால் தாளம் தட்டுவேன். வலது பானை வாயில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஊமையாக நின்றது. குழந்தை தவழ ஆரம்பித்ததும் அதற்குத் தன் கிலுகிலுப்பையைக் காட்டி ஏதோ பேசுவாள்.

மாதங்கள் போயின. அண்ணன் வரவில்லை. காதுகுத்துக்கு நாள் பார்க்கிற நேரம் வந்துவிட்டது. பதினோராம் மாதத்தில் திருப்பாச்சூர் கோயிலில் வைத்துக் குத்துவதென்று பேச்சு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடென்றால் அவன்தான். அவன் மடி இல்லாமல் என் பெண்ணுக்குக் காதுகுத்து நடந்தால், அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் ஆரம்பாக்கம் போவேன்?

இவரிடம் மெதுவாக எடுத்தேன். "கார்பன்தான் ஒசத்தின்னு ஒத்துக்கினு வரச்சொல்லு, தாராளமா வரட்டும்" என்றார். ஊர்ப்பக்கம் போகிற ஆளிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். "மெட்டல் பிலிம்தான்னு அவர் வாயால சொல்லட்டும், மறுரயில்ல வர்றேன்" என்று பதில் வந்தது. ஐயோ தெய்வமே! நெல்மணி அளவு சாமானுக்காக என் பிள்ளையின் காது காத்துக் கிடக்கவேண்டுமா? எனக்குத் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் இவருடைய பெட்டியைப் பிடுங்கினேன். ஒயர் கூடையில் வைத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்தேன். ரயிலேறிவிட்டேன். பெட்டி உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கனத்தில் கூடையின் காது அறுந்துவிடும்போல இருந்தது. இரண்டாவது ரயிலில் பழவேற்காட்டுப் பக்கத்து மீன்காரப் பெண்கள் காலிக் கூடைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் இடம் கொடுத்து, என் கூடையைத் தூக்கிப் பார்த்து மூச்சுவிட்டாள்.

"இன்னாம்மா இது, இந்தக் கனம் கனக்குது? டப்பால இன்னா தங்கமா?"

"எங்க வீட்டுக்காரர் உசுருல பாதிம்மா."

"மீதி எங்க கீது?"

"எங்க அண்ணன் ஊட்ல. மாத்திக்கினு வரத்தான் போறேன்."

கதையைக் கேட்டு ரயில் பெட்டியே சிரித்தது. இறங்கும்போது அந்த அம்மாள்தான் கூடையை இறக்கிக் கொடுத்து, "உடாதம்மா, நல்லாக் குட்து வா" என்று தைரியம் சொன்னாள்.

அண்ணன் அன்று வயலில் வேலை இருந்ததால் வீட்டில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கூடையைப் பார்த்ததும் சுருங்கியது. அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் உட்காரவில்லை. கூடத்தில் அவனுடைய பெட்டி ஒரு புது ரேடியோவோடு சேர்ந்து ஒரு பானையில் பாடிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன்.

"ஏய், இன்னா பண்ற?"

"இந்தா, மாப்ளயோட பெட்டி. இது இங்க இருக்கட்டும். உன்னுத நான் எட்துக்கினு போறேன். பெட்டி வேணும்னா காதுகுத்துக்கு வா. வந்து என் பொண்ண மடில வெச்சிக்கோ. அவரு பெட்டிய அவராண்ட குடு, உன் பெட்டிய வாங்கிக்கினு போ. வரலன்னு வையி, உன்னுத எடைக்குப் போட்டு ஈயச்சொம்பு வாங்கிக்குவேன்!"

"பைத்தியமா உனக்கு?"

"ஆமாம். எனக்கு மட்டும் இல்லாம இருந்திச்சி. இப்போ முழுசாச்சி."

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தாள். அண்ணன் முனகிக்கொண்டே இருந்தாலும், என்னை ரயிலேற்ற வரும்போது கூடையை அவனேதான் தூக்கிவந்தான். தன் பெட்டி ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் வைத்துக் கட்டியிருந்தான். குழந்தையின் கன்னத்தைத் தட்டினான், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்த இவர், இடது பெட்டி இருந்த இடத்தில் வலது பெட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரே பேஜாராப் போச்சி உன்னோட" என்று சொல்லிவிட்டு, ஊமையாக இருந்த பானையில் அதை மாட்டினார். இப்போது மிருதங்கம் வந்தது, பாட்டுக்காரி ஆரம்பாக்கம் போய்விட்டாள். ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இருவரும் மற்றவர் பெட்டியைப் பிணையாக வீட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள், வராமல் போகமுடியாது என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈயம் உருகும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் இவர் அண்ணன் பெட்டியின் மூடியைக் கழற்றி, மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுக் கார்பன் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இது அடுக்குமா? அடுத்தவர் பெட்டி!"

"நம்ம ஊட்ல இருக்கறவரைக்கும் நம்ம சாமான்தான் இருக்கணும். மனசு கேக்கல. உங்க அண்ணனுக்குத் தெரியவா போவுது? நீ வாயத் தொறக்காத."

மாட்டிப் போட்டார். ஊசி இறங்குவதற்கு முன்னால் வலது பானை 'உஸ்ஸ்' என்றது. அதுவரை அமைதியாக இருந்த பானை. சொன்னால் ஊசி தேய்கிறது என்பார்.

காதுகுத்து நாள் வந்தது. திருப்பாச்சூர் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, வந்திருக்கிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணனைக் காணவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

"ரயிலு லேட்டோ இன்னாவோ. சித்தப்பன் மடில வெச்சிக் குத்திடலாம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் இவருடைய பெரியப்பா.

"எங்கண்ணன் வராம யாராச்சும் கம்பியத் தொட்டா, நான் பொண்ணத் தூக்கிக்கினு ஆரம்பாக்கம் போயிடுவேன்" என்றேன். இவர் பக்கம் திரும்பினேன். இவரைக் காணவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால், பட்டுவேட்டியோடு வெயிலில் ரோட்டோரம் நின்று பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செருப்புகூடப் போடவில்லை, ஒரு கால் மாற்றி ஒரு கால் நிற்கிறார். என் கோபமெல்லாம் அந்த நிமிஷம் கரைந்துவிட்டது.

பஸ் வந்து நின்றது. முதலில் அண்ணி சீர்த்தட்டோடு இறங்கினாள். பழம், வெற்றிலை, பாவாடைத் துணி, மேலே சின்னத் தோடு. பின்னால் அண்ணன் இன்னொரு பெரிய தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியைக் காலால் தடவித் தடவி இறங்கினான். தாம்பாளத்தில் என் வீட்டுக்காரர் பெட்டி. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம்.

இவர் ஓடிப்போய்த் தாம்பாளத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். ஏழெட்டு மாதம் கழித்து இருவரும் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"சூடு ஏறலியே மச்சான்?"

"இல்ல மாப்ள. ஜம்முனு கீது. மொதல்ல கொழந்தையக் குட்ங்க, நேரமாவுது."

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார, அவன் மடியில் பெண்ணை வைத்தேன். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவள் வீறிட்டாள், மறு காதைக் குத்தும்போது அண்ணனும் அழுதான். "உங்க அண்ணன்தான்டி காது குத்திக்கினா மாரி அழுவுறான்" என்று பெரியப்பா கிண்டல் செய்தார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், ஆனால் அதைப்போலச் சந்தோஷமாக நான் அழுததே கிடையாது.

வீட்டுக்கு வந்து பந்தி போட்டோம். நான் பாயசம் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து காதோரம் சொன்னாள்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன். உங்கண்ணன் மாப்ள பெட்டியத் தொறந்து, உள்ள இருந்த கார்பனெல்லாம் பிடுங்கிட்டாரு. மெட்டல் பிலிம் போட்டுட்டாரு. நம்ம ஊட்ல கார்பன் இருக்கக் கூடாதாம். யாராண்டயும் மூச்சு விடாத."

கரண்டி என் கையிலிருந்து பாயசத்துக்குள் விழுந்தது. இவர் செய்த வேலையை அண்ணியிடம் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். யாரோ வந்து பாயசத்தில் கஞ்சா அரைத்துக் கலந்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூடத்தில் இரண்டு பெட்டியும் பழையபடி அதனதன் பானையில் ஏறின. பாட்டுக்காரியும் மிருதங்கக்காரனும் ஒன்றுசேர்ந்தார்கள். வீடே நிறைந்துபோனது. வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் இவர் தன் இடது பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே இருப்பதெல்லாம் மெட்டல் பிலிம்.

"கேட்டியா மச்சான்? இந்த இனிப்பு கார்பனத் தவிர வேற எதுல வரும்?"

அண்ணன் தன் வலது பெட்டியைத் தட்டிக்கொடுத்தான். உள்ளே இருப்பதெல்லாம் கார்பன்.

"அது கெடக்கட்டும் மாப்ள. இந்த க்ளீன் கேட்டீங்களா? மெட்டல் பிலிமுன்னா சும்மாவா!"

அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். நான் குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அண்ணன் தன் பெட்டியை எடுத்துப் போகவில்லை. "ஜோடி பிரிக்கக் கூடாது, இங்கயே இருக்கட்டும்" என்றான். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, கீரைக்கட்டும் தகரமும் வந்தன, சண்டையும் வந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளின் மூடியை மட்டும் யாரும் கழற்றவில்லை. தூசி தட்டலாமா என்று ஒருவர் கேட்டால், "இன்னாத்துக்கு, நல்லாத்தான் பாடுது" என்று மற்றவர் அவசரமாகச் சொல்லிவிடுவார். திறந்தால் தான் செய்த வேலை தெரிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். ரெசிஸ்டரை மாற்றினால் சத்தம் மாறுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், உஸ்ஸென்பது மாறும், இனிப்பு மாறாது என்று சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

பெண்ணுக்கு நாலு வயதிருக்கும். ஜிமிக்கி போட்டுக்கொண்டு அலைந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடிந்து, அப்பாவும் மாமனும் பெட்டியைப் போட்டுவிட்டு வழக்கம்போல் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். இவள் இரண்டு பானைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது பானையில் காதை வைத்தாள். எழுந்துபோய் வலது பானையில் காதை வைத்தாள். மறுபடியும் இடதில் வைத்துப் பார்த்துவிட்டு, வலது பானையைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா, இந்தப் பானை மட்டும் உஸ்ஸுங்குது."

"அது ஊசி தேயுற சத்தம்டா கண்ணு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவள் திரும்பி ரெக்கார்டைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள்.

"ஊசி இன்னும் மேலதான மாமா கீது?"

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஊசியைப் பார்க்கத் திரும்பினார்கள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் தங்கத்தைத் தூக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து இந்த வீட்டில் எனக்குத் துணைக்கு ஒருத்தி வந்துவிட்டாள். அந்த இரண்டு காதிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தேன். பிறகு, அவள் மேற்கொண்டு பேசி, அவர்கள் பெட்டியின் மூடியைக் கழற்றுவதற்குள், அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்துவிட்டு, ஊசியை நானே ரெக்கார்டில் இறக்கினேன்.